முகம் எரியுது, கண்ணாடியில் ஒன்றும் தெரியலை

கேள்வி இதுதான். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். எட்டு மாதமாக ஓசூரில் ஷிஃப்ட் வேலை, ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்த ரூமில் தங்கல். முகம் கழுவினால் சுள்ளென்று எரிந்து சில நிமிடத்தில் அடங்குகிறது, ஏசி காற்று பட்டால் குறுகுறுக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இல்லை. ரூமில் மூன்று பேர் “எனக்கும் சென்சிட்டிவ் ஸ்கின்” என்கிறார்கள். ஊரில் புளி உடைக்கிற அம்மாவோ, “நம்ம வம்சத்துலயே யாருக்கும் இல்லாத நோவு” என்கிறார். உண்மையிலேயே இவ்வளவு பேருக்கு இது இருக்குமா, தண்ணியாலா, பரம்பரையா, ஊர் மாறியதாலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. டி.ஃபார்ம் படித்துவிட்டு காவேரிப்பட்டணத்தில் 31 வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு இப்போது படிக்க நேரம் கிடைக்கிறது. கடையில் நின்று பார்த்த முகங்களும் பிறகு படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதில். கொஞ்சம் நீளும்.

ஐந்தில் மூன்று பேர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் மூன்று பேருக்கும் இருப்பது ஒரே சங்கதிதானா என்பதில் பெரிய சந்தேகம் உண்டு.

முதலில் “சென்சிட்டிவ் ஸ்கின்” என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு சர்வதேச மருத்துவர் குழு இருக்கிறது. அவர்கள் 2017இல் ஒரு வரையறை கொடுத்தார்கள். குத்தல், எரிச்சல், வலி, அரிப்பு, குறுகுறுப்பு மாதிரி வேண்டாத உணர்ச்சி வர வேண்டும். சாதாரணமாக அப்படிச் செய்யாத ஒன்று பட்டதும் வர வேண்டும். வேறு தோல் நோயைக் காரணமாகக் காட்ட முடியாமல் இருக்க வேண்டும். தோல் பார்க்க நன்றாகவும் இருக்கலாம், சிவந்தும் இருக்கலாம். உடம்பில் எங்கும் வரும், முகத்தில்தான் அதிகம். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த வரையறைக்குள்ளேயே வருகிறது. கற்பனை செய்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

இந்த வரையறையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாமே உணர்ச்சி. ரத்தப் பரிசோதனையில் தெரியாது, ஸ்கேனில் தெரியாது. அதனால் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஒரே வழிதான் வைத்திருக்கிறார்கள்: ஆளைக் கேட்பது. “உங்கள் தோல் சென்சிட்டிவா?” ரொம்ப, ஓரளவு, லேசாக, இல்லை என்று நான்கு பதில்.

இப்படிக் கேட்டு வாங்கிய எண்கள்தான் எங்கும் சுற்றுகின்றன. பிரிட்டனில் 2001இல் வெளியான ஆய்வில் பெண்களில் 51.4 சதவீதம், ஆண்களில் 38.2 சதவீதம் ஆம் என்றார்கள். அமெரிக்காவில் 44.6 சதவீதம். ஐரோப்பாவில் 2009இல் சில நாடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இத்தாலியில் பாதிக்கு மேல், பெல்ஜியத்தில் நாலில் ஒருவர். நம் நாட்டில் 3,000 பேருக்கு மேல் கேட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தன் தோலை சென்சிட்டிவ் என்றோ ரொம்ப சென்சிட்டிவ் என்றோ சொன்னார். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். 2020இல் 18 நாடுகளின் ஆய்வுகளை, 50,000 பேருக்கு மேல், ஒன்றாகத் திரட்டினார்கள். ஓரளவும் அதற்கு மேலும் என்று சொன்னவர்கள் சுமார் 40 சதவீதம். லேசாக இருக்கிறது என்றவர்களையும் சேர்த்தால் அது 70ஐத் தாண்டிவிடுகிறது.

40க்கும் 70க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் தோலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஆந்திராவின் குப்பம் ஊர்க்காரரிடமும் பெங்களூர்க்காரரிடமும் ஒரே குழம்பைக் கொடுத்து “காரமா?” என்று கேட்டுக் கணக்கெடுத்த மாதிரி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்துக் குழம்பில் எத்தனை மிளகாய் என்று சொல்ல முடியாது.

“சென்சிட்டிவா?” என்று கேட்காமல் அளக்க ஒரு முயற்சி நடந்தது. 1977இல் ஃப்ராஷ், கிளிக்மன் என்ற இருவர் லாக்டிக் அமிலத்தை மூக்கோரத்து மடிப்பில் தடவி எரிகிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதினார்கள். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான். (முகம் பளபளக்கப் புளித்த தயிரைப் பூசிவிட்டு “சுள்ளுங்குது, வேலை செய்யுது” என்று உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே இந்தச் சோதனையைச் செய்துகொள்கிறார்கள்.) சென்சிட்டிவ் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலருக்கு இதில் எரிவதில்லை. இல்லவே இல்லை என்றவர்களில் சிலருக்கு நன்றாக எரிகிறது.

எனக்கு இதில் ஒன்றும் அதிர்ச்சி இல்லை. ஏனென்றால் எங்கள் கடைக்கு வந்தவர்களில் தோல் நிஜமாகவே பாடாய்ப்பட்டவர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மே, ஜூனில் மாங்காய் இறக்குகிறவர்கள் மணிக்கட்டெல்லாம் கருகின மாதிரி வருவார்கள். “பால் பட்டுடுச்சுங்க, எதுனா குடுங்க.” புளி சீசனில் பெண்கள் விரல் நுனி வெடித்து வருவார்கள். “கை காந்துதுங்க.” அவ்வளவுதான். யாராவது அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் “உங்களுக்கு சென்சிட்டிவ் ஸ்கின் இருக்கா?” என்று கேட்டிருந்தால் “அதெல்லாம் இல்லீங்க” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல் முகத்துக்கு க்ரீம் வாங்குகிறவர்களுடையது. க்ரீம் டப்பாவின் மேலிருந்து வந்தது. உங்கள் அம்மா “வம்சத்துல யாருக்கும் இல்லை” என்பதையும் நான் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். இருந்திருக்கலாம், அதற்கு ஒரு பெயர் இருந்திருக்காது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வெளுத்த தோலில் சிவப்பு உடனே தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது லேசாகக் கறுத்த மாதிரியோ மினுமினுத்த மாதிரியோதான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. புத்தகப் படங்களில் இருக்கிற செவசெவ முகத்தை உங்கள் கண்ணாடியில் தேடாதீர்கள். புறங்கையைக் கன்னத்தில் வைத்துச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள், அது மேல்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இரண்டு இடம் உண்டு: சுவரும், மணியும்.

சுவர் என்பது மேல்தோலின் மேலடுக்கு. முகத்தில் ஒரு தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், நடுவில் சாந்து மாதிரி கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த சாந்து அது. கொலஸ்ட்ரால் என்றதும் பயப்படாதீர்கள், தோலுக்கு அது வேண்டியது. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் சோப்பு, சென்ட், வியர்வை உப்பு எல்லாம் உள்ளே போகும்.

மணி என்பது நரம்பு முனை. வரமிளகாய் கிள்ளிய கை ஏன் எரிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கையில் தீயும் இல்லை, புண்ணும் இல்லை. மிளகாயின் கேப்சைசின் நரம்பு முனையில் இருக்கிற ஒரு வாசலைத் திறக்கிறது. சுமார் 43 டிகிரிச் சூடு பட்டால் திறக்கிற வாசல் அது. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. “சுடுது” என்று சொல்லிவிடும். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு இந்த வாசலைக் கண்டுபிடித்தது. 2021 மருத்துவ நோபலில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காகத்தான். சென்சிட்டிவ் ஸ்கின்னில் இந்த மணி சீக்கிரமே அடித்துவிடுகிறது என்பது இப்போதைய எண்ணம். லேசான சூடு, லேசான புளிப்பு, கொஞ்சம் காற்று போதும். நரம்பு முனைகள் அதிகமாக இருப்பதால் என்று நானும் நினைத்திருந்தேன். 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோலைக் கிள்ளி எடுத்துப் பார்த்தபோது மேல்தோலில் முனைகள் குறைவாக இருந்தன. இருக்கிற கொஞ்சமும் அடிபட்டு, தாறுமாறாகச் செய்தி அனுப்புகிறதோ என்று அதிலிருந்து ஒரு கருத்து வந்திருக்கிறது.

பரம்பரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்சிட்டிவ் ஸ்கின் என்று ஒன்று அப்படியே அப்பா வழி, அம்மா வழி இறங்குவதில்லை. இறங்குவது சுவரின் பலம். குடும்பத்தில் ஆஸ்துமா, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், சிறு வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா), உள்ளங்கையில் அளவுக்கு மீறின ரேகை, பனிக்காலத்தில் மீன் செதில் மாதிரி கால் — இதில் ஏதாவது யாருக்காவது இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள். அந்தச் சுவருக்கு வேண்டிய ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருந்தால் இந்த வரிசையெல்லாம் வரலாம் என்பது 2006இலிருந்து தெரியும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் கூடுவது, தூக்கம் கெட்டால் கூடுவது, மனசு சரியில்லாதபோது கூடுவது எல்லாம் உண்மைதான். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அதிகமா என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள்.

இப்போது ஊருக்கு வருவோம், நீங்கள் ரொம்ப எதிர்பார்ப்பது இதைத்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே தண்ணியில் ஃபுளோரைடு என்று எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தண்ணி விட்டதே அதற்காகத்தான். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு நோய்) இருக்கிறது. அதனால் தோலில் என்ன வந்தாலும் “ஃபுளோரைடு தண்ணிங்க” என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. குடிக்கிற தண்ணியில் இருக்கும் ஃபுளோரைடு பிடிப்பது பல்லையும் எலும்பையும். பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை, முட்டி, முதுகு இறுக்கம், இவைதான் அதன் வேலை. முகம் கழுவினால் எரிவதற்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

தோலோடு மோதுவது கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல இடங்களில் எதிர்மாறாக இருக்கும். கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணியில் கரைய விடாது. அதனால் ஃபுளோரைடு கூடின போர்வெல் ஒன்றில் சோப்பு நன்றாக நுரைப்பதும், ஃபுளோரைடு இல்லாத பக்கத்துப் போர்வெல்லில் நுரையே வராததும் சாதாரணம். குடிநீருக்கு நம் நாட்டுத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 600 வரை ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அந்த 600 அளவுத் தண்ணியில் 20 லிட்டர் பக்கெட் ஒன்று பிடித்தால் அதில் 12 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான சரக்கு கரைந்திருக்கிறது. அதில் சோப்புப் போட்டால் சோப்பின் ஒரு பகுதி நுரையாகாமல் தயிர் திரிந்த மாதிரி ஒட்டுப் பொருளாகிவிடும். பக்கெட் விளிம்பில் படிகிற வெள்ளை வளையம் அதுதான். பக்கெட்டில் ஒட்டுவது கன்னத்தில் ஒட்டாதா? 2018இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் செய்த ஆய்வில், கடினத் தண்ணியில் கழுவிய தோலில் சோப்புச் சரக்கு கூடுதலாகத் தங்கியது, சுவர் கூடுதலாகப் பழுதானது, எரிச்சலும் கூடியது என்று கண்டார்கள்.

அதைப் படித்துவிட்டு உடனே சாஃப்ட்னர் மெஷின் வாங்கி வைக்காதீர்கள். அதே இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. பாதிக் குழந்தைகள் வீட்டில் தண்ணியை மென்மையாக்கும் கருவியைப் பொருத்தினார்கள். மூன்று மாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. தண்ணி ஒரு பங்காளிதான், தனியாக முழுக் குற்றவாளி இல்லை. சோப்பைக் குறைத்தால் தண்ணியின் சேட்டையும் பாதி குறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

சோப்பு என்றதும் இன்னொன்று. புளிப்பா காரமா என்று காட்டுகிற pH எண் (ஏழு நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) உடம்புத் தோலில் ஐந்தை ஒட்டி இருக்கும். சோப்புக் கட்டி ஒன்பது, பத்து, அதாவது காரப் பக்கம். அட்டையில் 76 சதவீதம் டி.எஃப்.எம். என்று போட்டிருந்தால் அது முதல் தரச் சோப்பு, சரி. அது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது, காரத்தன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் தரச் சோப்பும் முகத்தில் எரியலாம்.

ஓசூருக்கு மாறியதும் காரணமாக இருக்கலாம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், தர்மபுரி அதில் பாதிதான். மார்கழி, தை மாதத்தில் காலைக் குளிர், வறண்ட காற்று, அதற்கு மேல் எட்டு மணி நேரம் ஏசி. வெளியே வந்தால் வெயில். இந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சலைக் கிளப்புகிற பட்டியலில் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆனால் பட்டியலின் உச்சியில் இருப்பது வானிலை இல்லை. அழகு சாதனம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் கடைக் கணக்கிலும் இதுதான் பெரியது, என் மனசை இன்னும் உறுத்துவதும் இதுதான்.

தொண்ணூறுகளில் சின்னதாக ஒரு ட்யூப் வந்தது. அரிப்புக்கு என்று வந்தது. யாரோ முகத்தில் போட்டுப் பார்த்தார்கள், ஒரு வாரத்தில் முகம் வெளுத்தது, பரு அடங்கியது. அடுத்த மாதம் கல்யாணப் பெண்கள் கேட்டு வந்தார்கள், அதற்கடுத்து அவர்களின் அக்கா தங்கைகள். சீட்டு யாரிடமும் இல்லை. நானும் கொடுத்தேன். எல்லாக் கடையிலும் கொடுத்தார்கள், நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு டீச்சரம்மா, இரண்டு வருடம் மாதம் தவறாமல் வாங்கினார். ஒரு நாள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். “சார், இத விட்டா முகம் தீயா எரியுது, போட்டாத்தான் அடங்குது. எனக்கு ரொம்ப சென்சிட்டிவ் ஸ்கின் போல, வேற எந்த க்ரீமும் ஒத்துக்கல” என்றார். கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மாவுக்குப் பிறவியில் அப்படித் தோல் இல்லை. நான் விற்ற ஸ்டீராய்டு அப்படி ஆக்கியது.

ஸ்டீராய்டு க்ரீம் கெட்ட மருந்து இல்லை. கரப்பானுக்கு டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும் போட்டால் அருமையான மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் ரத்தக் குழாயைச் சுருக்கி வெளுப்பாகக் காட்டும், சுவரை மெலிய வைக்கும். நிறுத்தினதும் அடங்கியிருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும்: சிவப்பு, எரிச்சல், பரு. திரும்பவும் போடச் சொல்லும். தோல் டாக்டர்கள் இந்தியாவில் 12 மையங்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011இல் எழுதினார்கள்: அவர்களில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர், முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவுக்குப் பிறகும் எப்படிக் கிடைக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், நான்தான் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் 31 வருடம் நின்றவன் ஆயிற்றே.

அதனால் முதல் வேலையாக, ரூமில் இருக்கிற ஐந்து பேரும் அலமாரியைத் திறந்து எல்லா ட்யூபையும் வெளியே எடுங்கள். முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், இந்த நாலு ஸ்டீராய்டில் ஒன்று இருந்தால் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. பின்பக்கத்தில் எதுவும் எழுதாத டப்பா, அழகு நிலையத்தில் கலக்கிக் கொடுத்த க்ரீம் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஆனால் மாதக்கணக்கில் போட்டிருந்தால் இன்று இரவே சட்டென்று நிறுத்த வேண்டாம். தோல் டாக்டரிடம் ட்யூபோடு போங்கள், படிப்படியாக எப்படி விடுவது என்று அவர் சொல்லுவார். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டோடு பார்க்கலாம்.

“ஹைப்போஅலர்ஜெனிக்”, “டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்” என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறீர்கள் என்றால் ஒரு சங்கதி: அமெரிக்காவில் 1975இல் “ஹைப்போஅலர்ஜெனிக் என்று போட்டால் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும்” என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 1977இல் விதி போய்விட்டது. அட்டையில் வாசனைப் பொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது அதைவிட உருப்படியான வேலை.

ட்யூபில் எதுவும் சிக்கவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, சென்சிட்டிவ் ஸ்கின் வேஷத்தில் வருகிற ஒவ்வாமை. இதற்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. மாங்காய்ப் பால் சொன்னேன். மாமரம், முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம், அந்தப் பாலில் இருக்கிற பொருள்களும் பங்காளிகள். ஒருத்தருக்குச் சேராங்கொட்டை பட்டு வீங்கியிருந்தால் அவர் மாங்காய்த் தோலைக் கடித்தாலே உதடு எரியலாம். காலியிடமெல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்கிற பார்த்தீனியம் இன்னொன்று. தொடவே வேண்டாம், காய்ந்த தூள் காற்றில் வந்தால் போதும். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று பிடிக்கும். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தி பறிக்கிறவர்களுக்கு இது ஆரம்பித்தால் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே செடிக் குடும்பம். ஸ்டிக்கர் பொட்டின் பசை, கவரிங் கம்மலின் நிக்கல், தலைச்சாயம், கறுப்பு மெஹந்தி, இவற்றுக்கெல்லாம் ஓர் அடையாளம் உண்டு: பட்ட இடத்தில் கோடு போட்ட மாதிரி, தடிப்பாக, அரிப்போடு, சில நாள் நிற்கும். பொட்டு வைத்த இடத்தில் தோல் வெளுக்க ஆரம்பித்தால் அன்றே நிறுத்துங்கள். உங்கள் எரிச்சலோ சில நிமிடத்தில் வந்து அடங்குகிறது என்று படித்த அளவில் புரிகிறது. அது ஒவ்வாமை போல இல்லை. சந்தேகம் இருந்தால் முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் உண்டு, டாக்டர் சொன்னால் செய்யலாம். ரூமில் எல்லோருக்கும் ராத்திரியில் விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு என்றால் கதையே வேறு, அது சொறி. ஐந்து பேரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்று ஆனபிறகு மிச்சம் நிற்பதுதான் நிஜமான சென்சிட்டிவ் ஸ்கின். அதற்கு நான் சொல்லும் வைத்தியம் சப்பென்று இருக்கும். நாலு வாரத்துக்கு முகத்துக்கு இரண்டே பொருள். ராத்திரி ஒரு வேளை மட்டும் வாசனை இல்லாத, சோப்பு அல்லாத க்ளென்சர். காலையில் வெறும் தண்ணி போதும். கடைசி ஒரு சொம்பு மட்டும் மென்மையான தண்ணியில் கழுவ முடிந்தால் நல்லது. அதற்காக 20 லிட்டர் கேனைத் தீர்க்க வேண்டாம். கழுவின ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். வாங்க முடியாத வாரத்தில் வாசலின் மெல்லிசாக. தேங்காய் எண்ணெய் கைகாலுக்கு நல்லது. கரப்பான் உள்ள குழந்தைகளுக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்ததாக ஆய்வே இருக்கிறது. பரு வருகிற முகத்தில் மட்டும் யோசித்துப் போடுங்கள். எலுமிச்சம்பழம், கடலைமாவுத் தேய்ப்பு, புளித்த தயிர், தக்காளி எல்லாம் தட்டுக்குப் போகட்டும். எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் கறுத்த தழும்பே விழும். நலங்கு மாவு கெட்டதில்லை, ஆனால் தேய்க்கிற கை கெட்டது. சீயக்காயை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், தலைக்கு. சோப்பு மாதிரி அது காரம் இல்லை, லேசான புளிப்புப் பக்கம்.

நாலு வாரம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். புதுசு எதுவானாலும் முழங்கையின் உள் மடிப்பில் காலை, மாலை ஒரு வாரம் போட்டுப் பார்த்த பிறகுதான் முகம். ரூம் தோழி நல்லது என்று சொன்னதற்காக ஒரே நாளில் மூன்று பொருள் மாற்றினால், எரிந்தது எது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

இமை வீங்கினால், நீர் கசிந்தால், எரிச்சல் நாள் முழுக்க அடங்காமல் நின்றால், கன்னமும் மூக்கும் சிவந்தபடியே இருந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் தாண்டினால் புளி சீசன். நாள் முழுக்க ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கிற கையில் புளியின் டார்டாரிக் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது “உனக்கு சென்சிட்டிவ் ஸ்கின் இருக்கா” என்று கேட்காதீர்கள், இல்லை என்பார். சாயந்தரம் ரசத்துக்குக் கரைக்கும்போது விரல் காந்துகிறதா, ராத்திரி போர்வை நூல் விரல் வெடிப்பில் மாட்டுகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வேலைக்கு உட்காரும் முன்னால் கையில் வாசலின் பூசிக்கொள்ளட்டும். உள்ளே மெல்லிசு காட்டன் கையுறை, மேலே ரப்பர் கையுறை போட்டால் இன்னும் நல்லது. வெறும் ரப்பர் மட்டும் போட்டால் வியர்த்து இன்னும் கெடும். கூலி எடைக் கணக்கில் என்றால் கையுறையோடு வேகம் வராது, கழற்றித்தான் போடுவார், அது எனக்குத் தெரியும். அப்போது கட்டை விரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் மட்டும் துணி பேண்டேஜ் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் கடையில் சீசனுக்குச் சீசன் அதைத்தான் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள்.